விக்னராஜாவின் பச்சைக் குளம்

விக்னராஜா பொய் சொல்ல மாட்டார். ஆனால் கேட்காத எதையும் சொல்லவும் மாட்டார்.

இது பிறவிக் குணம் இல்லை. அவர் அகதியாக வந்திறங்கிய காலத்தில், விசா நேர்முகத்துக்கு முதல் நாள், வழக்கறிஞர் அவரை உட்காரவைத்து ஒரே ஒரு புத்தி சொன்னார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், ஒரு சொல்கூடக் கூட்டக் கூடாது. விக்னராஜா அப்படியே செய்தார். விசா கிடைத்தது. ஒரு மருந்து ஒரு தரம் கேட்டுவிட்டால் அதையே எல்லா வருத்தத்துக்கும் குடிக்கிற ஆள் அவர். அன்றிலிருந்து வங்கியிலும் அதே முறை, வேலைத்தலத்திலும் அதே முறை. ஒருநாள் பல் வைத்தியர், மேல்பல்லில் வலி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் விக்னராஜா. அது சத்தியமான உண்மை. வலி கீழ்ப்பல்லில் இருந்தது. வீட்டுக்கு வந்து கன்னத்தைப் பொத்திக்கொண்டு கதிரையில் சரிந்தார்.

"ஏனப்பா அவரிட்டைச் சொல்லேல்லை?" என்றார் மனைவி சிவகௌரி.

"அவர் கேக்கேல்லையே."

மெல்பேர்னின் மேற்கே, ட்ருகனினாவில், ஒரு பெரிய சேமிப்புக் கிடங்கில் விக்னராஜா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வயது ஐம்பத்தெட்டு. பதினாறு வருட ஓட்டம். சரக்கு அடுக்கிய பலகைக்குக் கீழே இரும்பு நாக்குகளை விடும்போது மரத்தில் ஒரு கீறல் விழாது. புதிதாக வருகிற பெடியன்களை அவரிடம்தான் விடுவார்கள். "பார்த்துப் பழகுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டுவார். கேட்டால் விளக்குவார்.

கோளாறு முழங்காலில் வந்தது. வண்டியில் ஏறி இறங்க மூன்று படி. ஒரு நாளைக்கு அறுபது தரம். போன குளிர்காலத்தில் வலது முழங்கால் வீங்கி, அடுத்த மாதம் இடது முழங்காலும் அதற்குத் துணைக்கு வந்தது. ஜனவரி இருபத்தெட்டாம் திகதி கம்பனி வைத்தியர் பார்ப்பார் என்று கடிதம் வந்தது. ஏறி இறங்க முடியாவிட்டால் வண்டியை விட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு லேபிள் ஒட்ட வேண்டும். சம்பளம் அதேதான். ஆனால் விக்னராஜாவுக்கு அந்த மேசையை நினைத்தாலே இரண்டு முழங்காலும் ஒன்றாக நொந்தன.

பிசியோதெரபிஸ்ட் ஒரு வழி சொன்னார். இடுப்பளவு தண்ணீரில் ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் நடந்தால் போதும்.

உடனே நகரசபை நீச்சல் குளத்துக்குப் போனார். வீட்டில் உடுக்கிற சாரத்தையே இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். நீலக் கட்டம் போட்ட நல்ல சாரம். தண்ணீரில் இரண்டு படி இறங்கியதும் சாரத்துக்குள் காற்றுப் புகுந்து, அது ஒரு பெரிய பலூனாக அவரைச் சுற்றி எழும்பியது. ஒரு சின்னப் பிள்ளை அதைத் தொட்டுப் பார்க்க நீந்தி வந்தது. விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்த காவல்காரப் பெடியன், நீச்சல் உடை இல்லாமல் இறங்க முடியாது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னான்.

அடுத்த நாள் சிவகௌரி ஒரு நீச்சல் காற்சட்டை வாங்கி வந்தார். பாதித் துடையில் நிற்கிற நீளம். மஞ்சள் நிறம். முழுக்க அன்னாசிப்பழப் படம்.

"கழிவு விலையில இதுதான் கிடந்தது" என்றார்.

விக்னராஜா அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. அந்தக் கிழமையே, வீடு மாறிப் போகிற ஒருவரிடமிருந்து நிலத்துக்கு மேலே பொருத்துகிற நீச்சல் குளம் ஒன்றை வாங்கினார். வட்டமான தகரச் சுவர், உள்ளே நீலப் பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு மோட்டர், ஒரு வடிகட்டி, ஏறி இறங்க ஓர் ஏணி. சட்டப்படி அதைச் சுற்றி வேலி போட்டு நகரசபையில் பதியவும் வேண்டியிருந்தது. குளம் பொருத்த ஒரு நாள், வேலிக்கு மூன்று கிழமை.

ஒக்டோபர் கடைசியில் முதல் நடை நடந்தார். அதற்கொரு முறை இருந்தது. முதலில் முழங்கால்களுக்கு எண்ணெய், தமிழ்க் கடையில் பழுப்புப் போத்தலில் விற்கிற தைலம். எண்ணெய் பூசித்தான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது அவருக்குப் பல் விளக்கித்தான் தேநீர் குடிக்க வேண்டும் என்பது போல. யாரும் யோசித்துச் செய்கிற காரியமா அது? பிறகு ஏணியால் இறங்கி, பலூனாக எழும்புகிற சாரத்தை இரண்டு கையாலும் குத்திக் காற்றைப் போக்கி, வட்டம் வட்டமாக நடப்பார். மூன்றாவது கிழமையில் வலது முழங்கால் சத்தம் போடுவதை நிறுத்தியது.

நான்காவது கிழமை தண்ணீர் பச்சையாகியது.

முதலில் இளநீர்ப் பச்சை. இரண்டு நாளில் வல்லாரைச் சம்பல் பச்சை. சுவரைத் தடவினால் விரல் வழுக்கியது. ஒரு போத்தலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கடைத்தொகுதியில் இருக்கிற நீச்சல் குளச் சாமான் கடைக்குப் போனார். அங்கே தண்ணீரைப் பரிசோதித்தவள் ஹம்சா. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துக்கொண்டு கிழமையில் நான்கு நாள் அங்கே வேலை செய்தாள்.

"அங்கிள், குளோரின் சுத்தமா இல்ல. எத்தனை பேரு குளிக்கிறீங்க?"

"ஒருத்தர்."

"பசங்க? நாய்?"

"இல்லை."

"சன்ஸ்கிரீன், லோஷன், அந்த மாதிரி கிரீம் ஏதாவது பூசிக்கிட்டு இறங்குவீங்களா?"

விக்னராஜாவுக்குச் சற்றுக் கோபமே வந்தது. "சீச்சீ. கிரீமெல்லாம் நான் பூசுறேல்லை பிள்ளை."

ஹம்சா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பொழுது பட்ட பிறகு குளோரினை மூன்று மடங்கு போட வேண்டும், சுவரைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், மோட்டரை நிறுத்தாமல் ஓட விட வேண்டும், பச்சை போகும்வரை இறங்கக் கூடாது. விக்னராஜா எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்தார். மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்தது. எண்ணெய் பூசி, சாரம் கட்டி, சந்தோஷமாக இறங்கினார். ஐந்தாம் நாள் மறுபடியும் பச்சை.

இப்படியே டிசம்பர் முழுவதும் போனது. போடுவார், தெளியும், நடப்பார், பச்சையாகும். ஒவ்வொரு தரமும் பச்சை திரும்பியது சனிக்கிழமையாக இருந்ததைச் சிவகௌரி கவனித்தார்.

"இது சனியின்ர வேலை. கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரியுங்கோ."

"குளோரினுக்கே கேக்கேல்லை. எண்ணெய்க்குக் கேக்குமோ?" என்றார் விக்னராஜா, முழங்காலைத் தடவிக்கொண்டு.

அடுத்த தெரு மகேந்திரராஜா பார்க்க வந்தார். அவர் எதைச் செய்தாலும் பெரிதாகச் செய்கிறவர். தன் கலியாணப் பாத்திரங்களில் அவர் வெட்டுவித்த பெயர் கட்டைவிரல் உயரம். பேர் வெட்டினால் தெருவில் நிற்கிறவனுக்குத் தெரிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. வேலியைப் பிடித்துக்கொண்டு குளத்தை எட்டிப் பார்த்தார்.

"விக்னம், இது குளமோ, சூப்போ?"

"பகிடி விடாதையும்."

"ரெண்டு மீன் வாங்கி விடும். பாசியை அது தின்னும். பிறகு மீனை நாங்கள் தின்னலாம்."

போகும்போது, ஏதோ நினைவு வந்தவராகச் சிவகௌரியிடம் திரும்பினார். "தங்கச்சி, பத்மா திரும்பவும் கேக்கச் சொன்னவ. எங்கட பெரிய எவர்சில்வர் தாம்பாளம் நவராத்திரிக்கு இஞ்ச வந்ததோ எண்டு."

"ஐயோ அண்ணை, சத்தியமா இஞ்ச இல்லை. நான் பத்மாவுக்கு மூண்டு தரம் சொல்லிப்போட்டன். கோயிலிலதான் மாறிப் போயிருக்கும்."

புதுவருடம் பிறந்தது. டிசம்பரில் நடந்த நாள்கள் பத்தைத் தாண்டவில்லை. முழங்கால் பழையபடி சத்தம் போட ஆரம்பித்தது. வண்டியிலிருந்து இறங்கும்போது விக்னராஜா இரண்டாவது படியில் நின்று மூச்சு விடுவதை மேற்பார்வையாளர் ஒருநாள் பார்த்துவிட்டார். லேபிள் ஒட்டுகிற மேசைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சிவகௌரி தீர்ப்புச் சொன்னார்.

"பொங்கலுக்குச் சனம் வருகுது. அண்டைக்குக் காலமை நான் ஒரு தாம்பாளத்தைக் குளத்துக்குள்ள போடுவன். அதில வெட்டின பேரை ஏணியில நிண்டு வாசிச்சீங்களெண்டால் குளம் இருக்கலாம். இல்லையோ, பின்னேரமே சும்மா கொண்டுபோங்கோ எண்டு பேஸ்புக்கில போட்டுவிடுவன்."

"அப்ப என்ர முழங்கால்?"

"நகரசபைக் குளம் இருக்கு. அன்னாசிப்பழம் அலுமாரிக்குள்ள இருக்கு."

விக்னராஜா சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "என்ன பேர் வெட்டின தாம்பாளம்?"

"அதைச் சொன்னால் பாராமலே வாசிச்சுப்போடுவீங்கள். ஆளைத் தெரியாதே எனக்கு."

பொங்கலுக்கு ஒன்பது நாள் இருந்தது.

அடுத்த நாளே கடைக்குப் போன் செய்தார். வடிகட்டியின் உள்ளே இருக்கிற உருளையைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னாள் ஹம்சா. மடிப்பு மடிப்பாகத் துணி சுற்றிய உருளை அது. விக்னராஜா அதைத் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார், தாளில் எழுதியிருந்தபடியே. ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் காரின் பின்னிருக்கையில் வைத்தார். கடைத்தொகுதியில் மரக்கறி வாங்க வேண்டியிருந்ததால் சிவகௌரியும் ஏறினார். வெளியே முப்பத்தொன்பது பாகை. காருக்குள் அதைவிட மேல்.

இரண்டு சந்தி தாண்டியதும் சிவகௌரி மூக்கைச் சுருக்கினார்.

"இஞ்சாருங்கோ, முழங்கால் எண்ணெய் பூசினீங்களோ?"

"இல்லை."

"அப்ப ஏன் கார் மணக்குது?"

"தெரியாது. நான் ஒரு கிழமையாப் பூசேல்லை."

சிவகௌரி திரும்பிப் பின்னிருக்கையைப் பார்த்தார். பையை எடுத்து மடியில் வைத்துத் திறந்தார். மடிப்புகளுக்குள் விரலை விட்டார். விரலில் பழுப்பும் பச்சையுமாக ஒரு பிசுக்கு ஒட்டியது. மணந்து பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"இந்த ஃபில்டருக்கும் முழங்கால் நோவோ?"

விக்னராஜா பாதையைப் பார்த்து ஓட்டினார்.

"குளத்துக்க இறங்கேக்க எண்ணெய் பூசிக்கொண்டோ இறங்கினீங்கள்?"

"ஓம்."

"எவ்வளவு?"

"ரெண்டு காலுக்கும். கையில மிஞ்சினதை முதுகுக்கு."

"இதை அந்தப் பிள்ளைக்குச் சொன்னீங்களோ?"

"அது கேக்கேல்லை. கிரீம் பூசுறனீங்களோ எண்டுதான் கேட்டது. கிரீம் நான் பூசுறேல்லைத்தானே."

சிவகௌரி பையை மூடினார். மரக்கறிக் கடையில் இறங்கும்போது, "நான் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வாறன். அதுக்கிடையில நீங்கள் போய் வாயைத் திறவுங்கோ. இது விசா நேர்முகம் இல்லை" என்றார்.

கடையின் குளிரூட்டிக்கு முன்னால் விக்னராஜா ஐந்து நிமிடம் நின்றார். அந்தப் பழைய நேர்முக அறை நினைவுக்கு வந்தது. அங்கே அளந்து பேசியதால் தப்பினார். இங்கே அளந்து பேசித்தான் முழங்கால் போகப்போகிறது. ஹம்சா உருளையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் கேட்கவில்லை.

"பிள்ளை, நீர் கேக்காத ஒண்டு சொல்லோணும்" என்றார்.

"சொல்லுங்க அங்கிள்."

சொன்னார். எண்ணெய், அளவு, போத்தலின் நிறம், முதுகு எல்லாம் சொன்னார். ஹம்சா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"ஐயோ அங்கிள்! எங்க அப்பாவும் இதே எண்ணெய்தான். அப்பவே சொல்லிருக்கலாம்ல? குளோரின் பாவம், பாசியப் பிடிக்கப் போறதுக்குள்ள உங்க எண்ணெயோட மல்லுக்கட்டியே செத்துப் போகுது. ஃபில்டர் மடிப்பெல்லாம் அடைச்சிருக்கு. தண்ணி உள்ளயே போகாது, அப்புறம் எப்படிச் சுத்தமாகும்?"

வாயைத் திறந்துவிட்ட விக்னராஜாவுக்கு இப்போது மூட முடியவில்லை. "இன்னுமொண்டும் இருக்கு. சாரம்."

"சாரம்னா?"

"இடுப்பில கட்டுறது. மூட்டின துணி."

"கைலியா? அங்கிள், கைலி கட்டிக்கிட்டா நீந்துறீங்க?"

"நீந்துறேல்லை. நடக்கிறனான்."

"சரி, அதை எப்பத் துவைப்பீங்க?"

"தோய்க்கிறேல்லை. ஷெட்டுக்குப் பின்னால நிழலில காயப்போடுவன். அது எப்பவும் தண்ணிக்குள்ளதானே போகுது, ஏன் தோய்ப்பான்?"

ஹம்சா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஈரத்தோடு நிழலில் தொங்குகிற துணியில் பாசி உயிரோடு இருக்கும் என்றாள். தண்ணீர் தெளிந்ததும் அதே துணியோடு இறங்கினால், அவரே பாசியை இடுப்பில் கட்டிக் குளத்துக்குள் கூட்டிப் போகிறார் என்று அர்த்தம்.

விக்னராஜா வீட்டுக்கு வந்து ஷெட்டுக்குப் பின்னால் போனார். நீலக் கட்டங்களை உற்றுப் பார்த்தார். நீலம் எப்போது பச்சையானது என்று அவருக்குத் தெரியவில்லை.

மிஞ்சிய நாள்களில் மனிதர் ஓயவில்லை. வேலை முடிந்து வந்ததும் புது உருளையைப் பொருத்தினார். தண்ணீர் மட்டத்தில் சுவரைச் சுற்றி ஒட்டியிருந்த எண்ணெய் வளையத்தை, வெளியே நின்றபடி எட்டி எட்டிப் பஞ்சால் துடைத்தார். எண்ணெயைத் தின்கிற திரவம் ஒன்றை ஊற்றினார். ஏணியின் கீழ்ப்பக்கம், விரிப்பின் மடிப்பு, மோட்டர் குழாய் வாய் என்று பாசி ஒளிந்திருக்கக்கூடிய ஒவ்வொரு மூலையையும் நீளப் பிரஷ்ஷால் தேய்த்தார். தேய்த்த பிரஷ்ஷையும் குளோரினில் ஊறப்போட்டார். பொழுது பட்டதும் குளோரின். மோட்டர் இரவு பகலாக உறுமியது. மூன்றாம் நாள் பச்சை சாம்பலாகியது. செத்த பாசி மாவைப் போல அடியில் படிந்தது. அதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க இரண்டு நாள் போனது. அவசரப்பட்டு ஒருமுறை கலக்கிவிட்டதால் இன்னொரு நாள். சாரத்தையும் குளோரின் தண்ணீரில் ஊறப்போட்டார். பாசி போனது. கூடவே நீலக் கட்டங்களும் போயின.

பொங்கலன்று காலை. நாடெங்கும் வெயில் எரித்ததால் வெளியே நெருப்பு மூட்டத் தடை. ஆகவே பொங்கல் குசினியிலேயே பொங்கியது. சூரியனுக்குப் படைத்து முடிந்ததும் சிவகௌரி, சாமான் அறையின் அடித்தட்டில் கையை விட்டு, அகப்பட்ட பெரிய தாம்பாளம் ஒன்றைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். அறை இருட்டில் கண்ணாடி போடாமல் எடுத்ததால் பெயரை அவரும் பார்க்கவில்லை. வேலியைத் திறந்து, துவாயை உதறினார். தாம்பாளம் பக்கவாட்டாக ஆடி ஆடிக் கீழே போய், அடியில் மெதுவாகப் படுத்தது.

"வாசியுங்கோ."

விக்னராஜா ஏணியில் ஏறினார். முதல் படி, இரண்டாம் படி. தண்ணீர் இன்னும் ஆடியது. வெளிச்சம் நெளிந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அன்னாசிப்பழங்கள் கண்ணுக்குள் வந்து போயின. ஆட்டம் அடங்கியது. குளத்தின் அடி, விரிப்பிலிருந்த சின்னச் சுருக்கம் வரைக்கும் தெரிந்தது. தாம்பாளத்தின் நடுவில் எழுத்துகள் கட்டைவிரல் உயரத்தில் நின்றன.

விக்னராஜா வாசித்தார். பிறகு மறுபடியும் வாசித்தார், மனதுக்குள்.

"என்ன? தெரியேல்லையோ?" சிவகௌரியின் குரலில் வெற்றி.

"தெரியுது. நல்ல வடிவாத் தெரியுது." தொண்டையைச் செருமினார். "மகேந்திரராஜா, பத்மா. கலியாணத் திகதியும் போட்டிருக்கு."

சிவகௌரி ஓடிவந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமலே அவருக்கும் தெரிந்தது. அவ்வளவு தெளிவு அந்தத் தண்ணீர்.

"ஐயோ கடவுளே. நவராத்திரிக்கு வந்ததுதான் போல. நான் மூண்டு தரம் சத்தியம் பண்ணினனான்."

"நாலு" என்றார் விக்னராஜா.

அதற்குள் வாசலில் கார்க் கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. மகேந்திரராஜாவும் பத்மாவும். சிவகௌரி கணவரின் கையைப் பிடித்தார்.

"இஞ்சாருங்கோ. கேட்டால் மட்டும் சொல்லுங்கோ, என்ன? நீங்கள் அதில கெட்டிக்காரன்தானே."

பத்மா வேலியோரம் வந்து, "அட, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே!" என்றார். தாம்பாளத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

விக்னராஜா ஏணியில் நின்றபடியே சொன்னார். "பத்மா, உங்கட தாம்பாளம் எங்கட குளத்துக்க கிடக்கு."

சிவகௌரி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். பத்மா எட்டிப் பார்த்தார், சிரிக்கத் தொடங்கினார், நிறுத்த முடியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டார். மகேந்திரராஜாவோ தன் பெயர் தண்ணீருக்கு அடியிலும் எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது என்பதில்தான் மயங்கி நின்றார்.

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அன்று பின்னேரம் தாம்பாளம் திரும்பிப் போனபோது அதில் சர்க்கரைப் பொங்கல் இருந்தது, வாழைப்பழம் இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, விலைச்சீட்டோடு, மஞ்சளாக ஒரு பொட்டலமும் இருந்தது. அதை வைத்தது விக்னராஜா.

அதன்பின் பதின்மூன்று நாளும் ஒரு நாள் விடாமல் நடந்தார். தண்ணீருக்கு முன்னால் குளிப்பு, தண்ணீருக்குப் பிறகு எண்ணெய், நாளுக்கொரு தோய்த்த சாரம். இருபத்தெட்டாம் திகதி கம்பனி வைத்தியர், முழங்கால் எப்படி என்று கேட்டார். வழக்கமாக ஒரே சொல்லில் முடிகிற பதில் அது. விக்னராஜா தைலத்தில் தொடங்கினார். சாரம், பாசி, வடிகட்டி, தாம்பாளம் என்று வந்தபோது வைத்தியர் கையை உயர்த்தி, தயவுசெய்து இந்தப் படியில் ஏறி இறங்கிக் காட்டுங்கள் என்றார். ஏறினார், இறங்கினார், சொல்லாமலே இன்னும் இரண்டு தரம் ஏறினார். வைத்தியர் தாளில் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதத்துக்குப் பிறகு மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை வண்டி அவருடையது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகேந்திரராஜா அன்னாசிப்பழக் காற்சட்டையோடு வந்து நின்றார். அவருக்கும் முழங்காலில் ஏதோ சத்தமாம். ஏணியில் கால் வைக்கப் போனவரை விக்னராஜா கையை நீட்டி மறித்தார்.

"பொறும். காலுக்கு எண்ணெய் பூசினீரோ?"

"இல்லை."

"தலைக்கு?"

"இல்லையப்பா."

"முதுகுக்கு? சந்தனம்? திருநீறு? காலமை என்ன சவர்க்காரம்? இந்தக் காற்சட்டையைத் தோய்ச்சது எப்ப?"

"என்ன விக்னம், விசா குடுக்கப் போறீரோ?" என்றார் மகேந்திரராஜா.

"ஓம்," என்றார் விக்னராஜா, "நான் கேக்காத ஏதும் இருந்தால் அதையும் சொல்லும்."